மீனுக்கு எந்தக் கண்?

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் சொட்டக்கா. வருகிறவர்களை வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்து, தலையை நிமிர்த்தி, கீழிமையை இழுத்து, கண்ணை விரிய வைக்கும் சொட்டு மருந்தை விடுவதுதான் அவள் வேலை. வருஷக்கணக்காக அதையே செய்து வந்ததில் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ கரைந்துபோய், டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் சொட்டக்கா ஆகிவிட்டாள். மருந்து விடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும், "எந்தக் கண்ணுங்க?" என்று கேட்பாள். சீட்டில் எழுதியிருந்தாலும் கேட்பாள். அவர்கள் சொல்வதும் சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் நேரே டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வருவாள். வலது இடது விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. அந்த ஒன்றில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காத்திருக்கும் கூடத்துக்கும் டாக்டரின் அறைக்கும் நடுவே உள்ள சுவரில் ஜன்னல் அளவுக்கு உடைத்து, அதில் ஒரு மீன் தொட்டியைப் பொருத்தியிருந்தார்கள். இந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம், அந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம். மேலே மட்டும் மரப்பலகை மூடியிருக்கும்; ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைத் தூக்கினால்தான் தண்ணீரில் கை வைக்க முடியும். உள்ளே மூன்று தங்கமீன்கள். உருண்டை உடம்பு, விரித்த பாவாடை மாதிரி இரட்டை வால், ஒரே ஆரஞ்சு நிறம். ஒரே கடையில் ஒரே நாளில் குட்டியாக வாங்கி வந்தவை. எது எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. நடுவில் கூம்புக் கோபுரம் வைத்த ஒரு பிளாஸ்டிக் கோட்டை. தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் சொட்டக்காவின் பொறுப்பு. "உங்க கை பதமான கை" என்று சொல்லி டாக்டர் அதை அவள் தலையில் கட்டியிருந்தார்.

ஒருநாள் காலையில், மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தையல்காரர் தொட்டியைக் காட்டிச் சொன்னார்.

"அக்கா, உங்க மீனுக்குக் கண்ணு வீங்கியிருக்கே."

"மருந்து விட்டா எல்லாம் அப்படித்தான் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு இருங்க."

"இல்லக்கா, மருந்து ஒரு கண்ணுலதான் விட்டீங்க. நான் மத்த கண்ணால பார்த்தேன்."

சொட்டக்கா திரும்பிப் பார்த்தாள். மூன்றும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நன்றாகத்தான் மிதந்தன. "பாவம், மனுஷனுக்குப் பொழுது போகலை" என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரின் இமையை இழுத்தாள்.

மதியத்துக்கு முன்னால் டாக்டரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சொட்டக்கா, தொட்டியைப் பார்த்தீங்களா? ஒண்ணுக்குக் கண்ணு வெளியே தள்ளிக்கிட்டு நிக்குது."

"எந்தக் கண்ணு டாக்டர்?"

"வலது."

அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். ஒன்று அவளைப் பார்த்து வந்தது, திரும்பியது, கோட்டைக்குப் பின்னால் போனது. போகிற போக்கில் அதன் பக்கவாட்டு முகம் தெரிந்தது. ஆமாம், வீக்கம்தான். தண்ணீர்ச் சொட்டு மாதிரி ஒரு சவ்வு உப்பி, அதன் நுனியில் கறுப்பு விழி. ஆனால் அவள் பார்த்தது இடது கண்.

"டாக்டர், இடது கண்ணு!"

"வலதுங்க. இப்பக்கூட என் பக்கம் காட்டிச்சு."

"மீனோட வலதா, நம்ம வலதா?"

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். நோயாளியின் வலது எப்போதும் நோயாளியின் வலதுதான் என்று இத்தனை வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். "மீனோட வலதுதான்" என்றார், கொஞ்சம் கோபமாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "எப்படியாவது சரி பண்ணுங்க. கண் ஆஸ்பத்திரி மீனுக்கே கண்ணு இப்படின்னா வர்றவங்க என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"நீங்களே ஒரு பார்வை பார்த்திடலாமே டாக்டர்?"

"நான் மனுஷக் கண்ணுக்குப் படிச்சேன். அதுக்கு இமைகூடக் கிடையாது. எனக்கு என்ன தெரியும்?"

முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் எண்ணைக் கூவுகிற பெண்ணுக்கு டோக்கன் என்றே பெயர். அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, மீனுக்கு ஒரு டோக்கன் போடட்டுமா?" என்றாள். சொட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டு வேளையில் கலர் மீன் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் பாலித்தீன் பையில் காற்றடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"ஏன்?"

"ஒரு கண்ணு மட்டும்னா எங்கேயோ இடிச்சிருக்கு, அடி. தனியா சுத்தமான தண்ணில விட்டு, பேதி உப்பு கொஞ்சம் போட்டா வீக்கம் வடியும். ரெண்டு கண்ணும்னா அடி இல்ல, வியாதி. தண்ணி கெட்டிருக்கும், இல்ல உடம்புக்குள்ள கோளாறு. அப்புறம் எல்லா மீனுக்கும் பார்க்கணும். இப்ப சொல்லுங்க, ஒண்ணா, ரெண்டா?"

சொட்டக்கா திருதிருவென்று விழித்தாள். டாக்டர் வலது என்கிறார், அவள் இடதைப் பார்த்தாள். அப்படியானால் ஒரே மீனுக்கு இரண்டு கண்ணுமா? ஒவ்வொரு கண்ணாக இரண்டு மீனா? அல்லது இரண்டு பேரில் ஒருவருக்குப் பார்வை கோளாறா?

"பிடிச்சு மேலேயிருந்து பாருங்க. மேலேயிருந்து பார்த்தா ரெண்டு கண்ணும் ஒரே நேரத்துல தெரியும்" என்றார் கடைக்காரர்.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் பேதி உப்பு வாங்கினாள். கடைப்பையன் கேட்டதற்கு, "எனக்கில்ல" என்று மட்டும் சொன்னாள்.

முந்தின நாள் தரை கழுவப் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. குளோரின் வாடை போயிருக்கும். அதைப் பக்கெட்டில் ஊற்றி, ஸ்டூலில் ஏறி, வலையை விட்டாள். வலை உள்ளே போனதுமே மூன்றும் மூன்று மூலைக்குப் பறந்தன. தண்ணீர் கலங்கியது. டோக்கன் கீழே நின்று, "அக்கா அதில்ல, அந்தப் பக்கம், ஐயோ அது நல்லது, விடுங்க" என்று ஆளைக் குழப்பினாள். ஒருவழியாக ஒன்று வலையில் வந்தது. பக்கெட்டில் விட்டுக் குனிந்து பார்த்தாள். இடது கண் துருத்திக்கொண்டிருந்தது. வலது கண் சாதாரணமாக இருந்தது. இடது கண்ணுக்கு மேலே ஒரு செதில் பெயர்ந்து சிவந்திருந்தது.

"ஒரு கண்ணு! அடிதான்!" என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். "இது நான் பார்த்த மீன் இல்லை."

"மூணுல இது ஒண்ணுக்குத்தான் வீக்கம் டாக்டர்" என்றாள், கலங்கிய தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு.

"நான் பார்த்தது வலது கண்ணு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பக்கெட்டைப் பார்த்தார். சொட்டக்கா, டாக்டருக்கும் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கெட்டு மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. காற்று ஊதும் சின்னப் பம்பு ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தார். சொட்டக்கா தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, பேதி உப்பைக் கரைத்து ஊற்றினாள். "கண்ணு வீங்கினா வயித்தைச் சுத்தம் பண்றாங்க, புது வைத்தியம்" என்று டோக்கன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனால் வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. பெயர்ந்த இடத்துச் சிவப்பு மங்கியது. விழியின் மேல் மட்டும் பால் ஊற்றினாற்போல ஒரு வெண்படலம் நின்றது.

அவள் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. தீனி போடத் தொட்டியருகே போனவள் அப்படியே நின்றாள். உள்ளே இருந்த இரண்டில் ஒன்று அவள் பக்கம் திரும்பியது. வலது கண் பிதுங்கியிருந்தது.

டாக்டர் பார்த்தது உண்மைதான். அவர் வயசைப் பற்றி நினைத்ததற்கு அவள் மனசுக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் இப்போது கணக்கு இடித்தது. ஒரு மீனுக்கு ஒரு கண் என்றால் அடி. இரண்டு மீனுக்கு ஒவ்வொரு கண் என்றால் அதற்கு என்ன பெயர்? கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு மீனுக்கா? அப்ப தண்ணிதான். பாதிக்கு மேல மாத்துங்க. அதையும் தனியா எடுத்து உப்புத் தண்ணில விடுங்க."

"முதல்ல அடின்னு சொன்னீங்களே?"

"முதல்ல ஒண்ணுன்னு சொன்னீங்களே?"

இரண்டாவது பக்கெட்டு வந்தது. இந்த மீனை மேலேயிருந்து பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. வலது கண் பிதுங்கியிருப்பது நிச்சயம். இடதும் கொஞ்சம் தூக்கலாக இருந்ததோ? பார்க்கப் பார்க்க இரண்டும் வீங்கின மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டும் சரியாக இருக்கிற மாதிரி இருந்தது. செதில் எதுவும் பெயரவில்லை, சிவப்பும் இல்லை. தீனியைப் போட்டால் ஆர்வமாக வந்து தின்றது. நோயாளி மாதிரியே இல்லை. டோக்கனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எனக்கு ரெண்டும் வீங்கின மாதிரிதான் இருக்கு. ஆனா உங்களைப் பார்த்தாலும் அப்படித்தான்க்கா இருக்கு. முழி பிதுங்கிப்போய் நிக்கிறீங்க."

அன்று கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் அவள் தன் கண்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலது சற்றுப் பெரிதாகத்தான் தெரிந்தது.

நாள்கள் போயின. முதல் பக்கெட்டுக்காரன் தேறினான். இரண்டாவது பக்கெட்டில் எவ்வளவு உப்புத் தண்ணீர் மாற்றியும் வீக்கம் இம்மியும் குறையவில்லை. தொட்டியில் மிச்சமிருந்த ஒரே மீன் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நோயாளியின் சீட்டில் எழுத்து புரியாமல், கேட்டு வர டாக்டர் அறைக்குள் போனாள். உள்ளே இருட்டு. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் கண்ணுக்குள் டார்ச்சு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவரோரமாக நின்றாள். பார்த்து முடித்து அவர் ஸ்விட்சைப் போட்டார். அறை விளக்கும் தொட்டி விளக்கும் ஒரே நேரத்தில் பளீரென்று எரிந்தன. தொட்டிக்குள் அந்த ஒற்றை மீன் சுண்டிவிட்ட மாதிரி தெறித்து ஓடியது.

சொட்டக்கா தொட்டியையும் ஸ்விட்சையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடத்தில் அவள் எப்போதும் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இமைகளின் மேல் குனிந்திருப்பவள். இதை அவள் பார்த்ததே இல்லை. வந்த வேலையை மறந்து, ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தாள்.

அவள் கவலை மீனுக்காக மட்டுமில்லை. முன்பெல்லாம் தொட்டி விளக்குக்குத் தனி ஸ்விட்சு, மேலே பலகைக்குள். தினமும் காலையில் ஸ்டூலில் ஏறி ஏறி அவளுக்கு முழங்கால் வலி. அதைக் கேட்டுத்தான் எலெக்ட்ரீஷியனான அவள் வீட்டுக்காரர் ஒரு விடுமுறை நாளில் வந்து, "இனிமே லைட்டுக்காக நீ ஏறவே வேண்டாம்" என்று சொல்லி, தொட்டி விளக்கை டாக்டர் அறை ஸ்விட்சோடு சேர்த்துவிட்டுப் போனார். டாக்டர்கூடப் பாராட்டினார். அது நடந்து அதிக நாளாகவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவள் சுற்றி வளைத்துப் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏங்க, லைட்டு திடீர்னு எரிஞ்சா மீனு பயப்படுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் வயர்மேன், மீன்காரனா?" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "என்ன சொல்ல வர்றே? என் வயரிங்னால மீனுக்குக் கண்ணு வீங்கிச்சா?"

"அப்படிச் சொல்லலை…"

"அப்படித்தான் சொல்றே. ஒரு வயரு சூடாச்சா? ஒரு ஃபியூஸ் போச்சா? சுத்தமான வேலை அது."

"வேலை சுத்தம்தாங்க. யாரு இல்லேன்னா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அவளுக்கும் இறங்கவில்லை. தன் முழங்காலுக்காகச் செய்தவரைப் பிடித்துக் குற்றவாளி ஆக்குகிறோமே என்று ஒரு பக்கம். சொல்லாமல் விட்டால் மிச்சமிருக்கும் மீனும் போய்விடுமே என்று மறுபக்கம். தன் சந்தேகம் சரிதானா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை. வெளிச்சத்தால் என்றால் இரண்டாவது மீனுக்கு வீக்கம் ஏன் வடியவில்லை?

கடைசியில் அவரே, "ஞாயித்துக்கிழமை வர்றேன். பார்த்துடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி மூடியிருந்தது. காலை வெயில் உள்ளே வராமல் டாக்டர் அறைத் திரைகளை இழுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ஸ்விட்சருகே நின்றார், அவள் தொட்டியருகே.

"அணைச்சிட்டேன்."

"கொஞ்சம் பொறுங்க… ம், போடுங்க."

மீன் தெறித்தது. சுற்றி வந்து நின்றது.

"அதுக்கென்ன, கொஞ்சம் திடுக்கிட்டுச்சு, அவ்வளவுதானே" என்றார். மறுபடி அணைத்தார், காத்திருந்தார், போட்டார். மீன் மேலே பாய்ந்து இறங்கியது. "பாரு, ஒண்ணுமில்ல." அவர் குரலில் தெம்பு வந்திருந்தது. இன்னொரு முறை அணைத்துப் போட்டார்.

டொக்.

சின்னச் சத்தம்தான். மீன் நேரே கோட்டையின் கூம்புக் கோபுரத்தில் போய் மோதி, பக்கவாட்டில் சரிந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது. இருவரும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அதன் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தார்கள். நல்ல வேளை, கண்ணில் படவில்லை. வாயோரம் லேசாக வெளுத்திருந்தது.

அவர் பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அறை ஸ்விட்சிலிருந்து தொட்டி வயரைப் பிரித்து, கூடத்துச் சுவரில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் தனியாக ஒரு ஸ்விட்சு வைத்தார். வேலை முடியும்வரை அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை அன்னைக்கே இப்படி வெச்சிருக்கலாம்" என்றார் இறங்கும்போது.

"எனக்கு மட்டும் தோணுச்சா?" என்றாள் அவள்.

மறுநாள் அவரே டாக்டரைப் பார்த்துச் சொன்னார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ நாற்காலியில் சாய்ந்து, "நாள் முழுக்க நான்தானே அணைச்சு அணைச்சுப் போட்டேன்" என்று தன்னையே நொந்துகொண்டு, கோட்டையை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். முதல் மீன் தொட்டிக்குத் திரும்பியது. வெண்படலம் போகவில்லை, அந்தப் பக்கம் அதற்குப் பார்வை இல்லை போலும். இடப்பக்கம் விழுந்த தீனியை விட்டுவிட்டு வலப்பக்கம் விழுந்ததை மட்டும் தின்றது.

இரண்டாவது மீன்தான் யாருக்கும் பிடிபடவில்லை. இப்போது இடது கண்ணும் சந்தேகமில்லாமல் வெளியே வந்துவிட்டது. இரண்டும் சமமாக, இரண்டு மணிகளை ஒட்டின மாதிரி. இரண்டு கண்ணும் என்றால் வியாதி, எல்லா மீனுக்கும் ஆபத்து. சொட்டக்கா போனில் அழாத குறையாகப் பேசினாள். கடைக்காரர், "நானே வர்றேன்" என்றார்.

வந்தவர் பக்கெட்டைப் பார்த்தார். சுற்றி வந்து இன்னொரு பக்கமிருந்து பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அக்கா, இது முட்டைக்கண்ணு ஜாதி."

"என்ன ஜாதி?"

"பிறவியே இப்படித்தான். குட்டியில எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், வளர வளரத்தான் கண்ணு வெளியே வரும். சிலதுக்கு முதல்ல ஒண்ணு வரும், அப்புறம் மத்தது. உங்களுக்குப் போட்ட கூட்டத்துல ஒண்ணு கலந்து வந்திருக்கு. இதுக்கு ஒரு சீக்கும் இல்ல."

சொட்டக்கா அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்கதானே தண்ணி கெட்டுப்போச்சு, உப்பு போடுன்னு…"

"பார்க்காமச் சொன்னது என் தப்புதான். போன்ல வைத்தியம் பார்த்தா இப்படித்தான் ஆகும்."

கதவருகே நின்ற டாக்டர் பலமாகத் தலையாட்டினார். "நல்லாச் சொன்னீங்க. எனக்கும் தினமும் போன் வருது, டாக்டர் கண்ணு செவந்திருக்கு, என்ன போடலாம்னு."

டோக்கன் வாயைப் பொத்திக்கொண்டு முன்மேசைக்கு ஓடினாள். அவள் தோள்கள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. சொட்டக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பக்கெட்டைப் பார்த்தாள், சங்கடமாகிவிட்டது. ஒரு குறையும் இல்லாத மீனை இத்தனை நாள் சிறையில் அடைத்து, பேதி உப்புத் தண்ணீரில் ஊற வைத்திருக்கிறாள்.

ஸ்டூலில் ஏறி, வலையில் ஏந்தி, தொட்டிக்குள் மெதுவாக இறக்கினாள். அது ஓடவில்லை. மூலையில் இருந்த செடிக்குக் கீழே போய் ஒதுங்கி நின்றது. மற்ற இரண்டும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. தீனி போட்டாள், வரவில்லை.

சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்த வீட்டுக்காரரும் தொட்டி முன் நின்றார்.

"கோபமா இருக்குமா?" என்று கேட்டாள்.

"மீனுக்குக் கோபமா?"

"இல்ல… அதைச் சீக்காளின்னு நினைச்சு என்னென்னவோ பண்ணிட்டேனே. அதுக்கு ஏதாவது புரிஞ்சிருக்குமா?"

"அதுக்கு எப்படிப் புரியும்? நமக்கே இப்பத்தானே புரிஞ்சுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்புத் தண்ணி அதுக்குப் பிடிச்சுக்கூட இருந்திருக்கலாம்" என்றார்.

அப்படியும் இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. இல்லையோ என்றும் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செடிக்கடியில் இருந்தது இரண்டு பெரிய கண்களையும் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்ப்பது போலிருந்தது; பார்க்காதது போலவும் இருந்தது. பிறகு அது மெல்ல வெளியே வந்து, மிதந்துகொண்டிருந்த ஒரு தீனித் துணுக்கை வாயில் கவ்வி, துப்பி, மறுபடி கவ்வி விழுங்கியது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, போலாம்" என்றாள்.